கூட்டத்தோடு இருப்பான் என்று நினைத்தார்கள்

(2025 ஜூன் 1, ஞாயிறு காலை வானொலியில் வழங்கிய சிந்தனை. பள்ளி திறப்பை ஒட்டிப் பெற்றோர் இருவர் இணைந்து எழுதி வாசித்தது.)



இன்று ஆண்டவருடைய விண்ணேற்றப் பெருவிழா. நாளை பள்ளி திறப்பு. இந்த இரண்டும் அடுத்தடுத்த நாளில் வந்திருக்கின்றன. கடந்த ஒரு வாரமாக நம் வீடுகளில் எதற்கு அதிக ஆயத்தம் நடந்தது என்று கேட்டால், பதில் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். கடைவீதியில் பை, ஷூ, நோட்டுக்குப் போடும் பிரவுன் அட்டை வாங்கக் கூட்டம். அடகுக் கடையிலும் கூட்டம். நாங்களும் பல ஆண்டு அந்த வரிசையில் வளையலைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டு நின்றவர்கள்தாம்.

நாங்கள் குருக்கள் அல்ல, துறவியர் அல்ல. நாமக்கல் பக்கத்தில் இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் தாய் தகப்பன். ஒருவர் விசைத்தறிப் பட்டறையில் கணக்கு எழுதுகிறவர், மற்றவர் வீட்டிலேயே துணி தைப்பவர். பள்ளி திறக்கும் நேரத்தில் பெற்றோரே பேசினால் நன்றாக இருக்கும் என்று எங்கள் பங்குத்தந்தை சொன்னபோது தயங்கினோம். எங்களிடம் இருப்பது சாதித்த கதை அல்ல. “அதனால்தான் உங்களைக் கேட்கிறேன்” என்றார். சரி என்றோம்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வழக்கம் என்று சொன்னால் பெரிதாகப் படும், இப்போதுதான் தொடங்கியிருக்கிறோம். பள்ளி திறப்பதற்கு முந்தின இரவு, பைகளை அடுக்கி வைத்த பிறகு, லூக்கா நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை வாசிப்போம். பன்னிரண்டு வயது இயேசு எருசலேம் கோவிலில் தங்கிவிட்ட நிகழ்ச்சி. நம் கணக்கில் ஏழாம் வகுப்புப் பையன். போதகர்கள் நடுவே உட்கார்ந்து கேட்டான், கேள்வியும் கேட்டான். இந்தப் பகுதிக்கு மறையுரை கேட்கும்போதெல்லாம் சிறுவன் இயேசுவின் அறிவைப் பற்றித்தான் கேட்டிருக்கிறோம். எங்களுக்கு இப்போது கண்ணில் படுவது வேறு ஒரு வரி. மரியாவும் யோசேப்பும் பிள்ளை கூட்டத்தோடு வந்துகொண்டிருப்பான் என்று எண்ணி ஒரு நாள் முழுவதும் நடந்துவிட்டார்கள்.

அவர்கள் அக்கறையற்ற பெற்றோர் அல்ல. அந்தக் கூட்டமும் கெட்ட கூட்டம் அல்ல. பாஸ்கா விழாவுக்குப் போய்த் திரும்பும் திருப்பயணிகள், உறவுக்காரர்கள், ஊர்க்காரர்கள். அதைவிட நல்ல துணை எங்கே கிடைக்கும்? அந்த நம்பிக்கையில்தான் நடந்தார்கள். பிள்ளை அங்கே இல்லை.

எங்கள் மூத்த மகனைக் கிறிஸ்தவ மெட்ரிக் பள்ளி ஒன்றில் சேர்த்தபோது நாங்களும் அப்படித்தான் நடக்கத் தொடங்கினோம். எல்.கே.ஜி. முதல் பத்தாம் வகுப்பு வரை பன்னிரண்டு ஆண்டு. வாசலில் சிலுவை, உள்ளே மாதா கெபி, காலை வழிபாட்டில் செபம், கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு. விசுவாசத்தைப் பள்ளி பார்த்துக்கொள்ளும், கட்டணத்தை நாம் பார்த்துக்கொள்வோம் என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம். வீட்டில் ஆயா இருந்தவரை மாலையில் செபமாலை உண்டு. ஆனால் பையனுக்கு அந்த நேரத்தில் டியூஷன். அவன் திரும்பி வரும்போது செபம் முடிந்து சோறு ஆறியிருக்கும்.

பத்தாம் வகுப்பு முடிந்ததும், மதிப்பெண் நன்றாக வந்த மயக்கத்தில், அவனை விடுதியோடு கூடிய ஒரு தனியார் பள்ளியில் விட்டோம். அது கிறிஸ்தவப் பள்ளி அல்ல. காலை ஐந்து மணிக்குப் படிப்பு, இரவு பத்து மணி வரை படிப்பு. ஞாயிற்றுக்கிழமையும் தேர்வு உண்டு என்று விண்ணப்பத்தோடு கொடுத்த தாளிலேயே அச்சிட்டிருந்தார்கள். அதைப் படித்து நாங்கள் தயங்கவில்லை என்பதை இந்த வானொலியில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உறவினர்களிடம் அதைப் பெருமையாகச் சொன்னோம். “ஞாயித்துக்கிழமைகூட விடமாட்டாங்க” என்று. மாதத்தில் ஒரு நாள் பார்க்க விடுவார்கள். டிபன் கேரியரோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஊட்டிவிட்டு வருவோம். இரண்டு ஆண்டில் அவன் எத்தனை ஞாயிறு திருப்பலிக்குப் போனான் என்று இரண்டு கை விரல்களால் எண்ணிவிடலாம்.

அவன் பிளஸ் டூ படித்த ஆண்டு, கிறிஸ்து பிறப்பு விடுமுறைக்கு மூன்று நாள் வந்தான். ஆயா படுத்த படுக்கையாக இருந்தார். ஒரு மாலை அவனைக் கூப்பிட்டு, “கண்ணு, பரலோக மந்திரம் சொல்லு சாமி” என்றார். பையன் நின்றான். அவனுக்கு அந்தச் செபம் தெரியும். பன்னிரண்டு ஆண்டு தினமும் சொல்லியிருக்கிறான். ஆங்கிலத்தில். தமிழில் இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. கடைசியில் ஆங்கிலத்திலேயே மெதுவாகச் சொன்னான். ஆயா முழுவதும் கேட்டார். “நல்லாத்தான் இருக்குது சாமி. எனக்குத்தான் புரியலை” என்றார். தைப்பொங்கலுக்குள் இறந்துபோனார்.

அந்தப் பள்ளியின் மேல் எங்களுக்குக் குறை இல்லை. ஆங்கிலப் பள்ளி, ஆங்கிலத்தில் செபம் சொல்லிக் கொடுத்தது. தமிழில் சொல்லிக் கொடுக்கவேண்டிய வீடு எங்கள் வீடு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வியைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது, 1965 அக்டோபர் 28-ஆம் தேதி. 2025 அக்டோபரோடு அதற்கு அறுபது ஆண்டு. பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள் பெற்றோரே, அந்த இடம் காலியானால் வேறு யாராலும் எளிதில் நிரப்ப முடியாது என்பது அதன் தொடக்கத்திலேயே வரும் போதனை. பள்ளியைப் பற்றி அதன் பிறகுதான் பேசுகிறது. நாம் தலைகீழாகப் படித்துவிட்டோம்.

நம் மாவட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் பேசவேண்டும். நாமக்கல் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் முட்டை, லாரி, திருச்செங்கோட்டு ரிக் வண்டி என்பார்கள். அடுத்ததாகப் பள்ளிக்கூடம் என்பார்கள். 2007-இல் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் தமிழக அரசின் நுழைவுத்தேர்வு நீங்கி, பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றே அளவுகோல் ஆனது. எங்கெங்கோ இருந்து பிள்ளைகள் இங்கே வந்து விடுதிகளை நிரப்பினார்கள். பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரம் தள்ளிவிட்டு, இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே திரும்பத் திரும்ப நடத்தும் பழக்கம் பரவியது. 2017-இல் அரசு மாநில ரேங்க் பட்டியலை நிறுத்தியது. 2017-18 கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தது. நீட் தேர்வும் 2017-இல்தான் நம் மாநிலத்துக்குள் வந்தது. ரேங்க் பலகைகள் இறங்கின. அதே கம்பத்தில் நீட் பலகைகள் ஏறின.

நம் கிறிஸ்தவப் பள்ளிகள் இதிலிருந்து விலகி நின்றனவா? நின்ற பள்ளிகள் உண்டு. நிற்க முடியாத பள்ளிகளும் உண்டு. அவற்றைக் குற்றம் சொல்லும் முன் எங்களையே கேட்டுக்கொண்டோம். பையன் ஏழாம் வகுப்பில் இருந்தபோது நடந்த பெற்றோர் கூட்டம் நினைவுக்கு வருகிறது. வகுப்பு ஆசிரியையாக இருந்த அருட்சகோதரி எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து, “உங்கள் பையன் தினமும் சாப்பாட்டில் பாதியைப் பக்கத்துப் பையனுக்குக் கொடுக்கிறான். அந்தப் பையன் வீட்டில் இப்போது சிரமம். யாரும் சொல்லிக் கொடுக்காமல் செய்கிறான்” என்றார். நாங்கள், “அது சரிங்க சிஸ்டர், கணக்குல ஏன் எழுபத்தெட்டு?” என்று கேட்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மதிப்பெண் ஏட்டைப் புரட்டினார். அடுத்த கூட்டத்தில் அவராகவே கணக்கைப் பற்றித்தான் தொடங்கினார். பெற்றோர் எதைக் கேட்கிறோமோ அதைத்தான் பள்ளி விற்கும். ஒரு பள்ளியைக் கடையாக்க முதலாளி மட்டும் போதாது, வாங்க வருகிறவர்களும் வேண்டும்.

‘கிறிஸ்தவப் பள்ளி’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லசால். பிரான்சு நாட்டில் ரான்ஸ் நகரத்துப் பணக்கார வீட்டுப் பிள்ளை, பேராலயத்தில் நல்ல வருமானமுள்ள பதவியில் இருந்த குரு. 1680-களில் ஏழை ஆசிரியர்களைச் சேர்த்துக்கொண்டு பள்ளி நடத்த இறங்கினார். பதவியை விட்டார். பஞ்ச காலத்தில் சொத்தையும் பசித்தவர்களுக்குக் கொடுத்துத் தீர்த்தார். அவர் தொடங்கிய சபைக்குப் பெயரே ‘கிறிஸ்தவப் பள்ளிகளின் சகோதரர்கள்’. அக்காலத்தில் பிள்ளைகளுக்கு முதலில் இலத்தீனில்தான் வாசிக்கக் கற்றுத்தருவார்கள். அவர் வீட்டில் பேசும் பிரெஞ்சு மொழியில் தொடங்கினார். கட்டணம் வாங்கவில்லை. பாரிசில் காசு வாங்கி எழுத்துக் கற்பித்துவந்த ஆசிரியர்கள் அவர்மேல் வழக்குப் போட்டார்கள். அவர்கள் புகார் என்ன தெரியுமா? ஏழைகளை இலவசமாகச் சேர்ப்பதில் எங்களுக்குத் தகராறு இல்லை, வசதியுள்ளவன் பிள்ளையையும் காசில்லாமல் அதே வகுப்பில் உட்கார வைக்கிறாரே என்பதுதான். 1950-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அவரை ஆசிரியர் அனைவருக்கும் பாதுகாவலராக அறிவித்தார். நம் பள்ளிகள் பலவற்றில் அவர் படம் இருக்கும். அந்த வழக்கைப் பற்றி நாங்கள் சமீபத்தில்தான் படித்தோம்.

வத்திக்கானின் கத்தோலிக்கக் கல்விக்கான பேராயம் 1977-இல் கத்தோலிக்கப் பள்ளியைப் பற்றி ஓர் ஏடு வெளியிட்டது. நம் பள்ளி முதலில் ஏழைக்கும் ஆதரவற்ற பிள்ளைக்கும் உரியது, வசதியுள்ளவர்கள் பக்கமே திரும்பிவிட்டால் அநீதியான சமுதாயம் நீடிக்க நாமும் துணைபோகிறோம் என்ற பொருளில் அதில் சொல்லியிருக்கிறது. வெளியிலிருந்து நம்மைக் குறை சொல்கிறவர் சொன்னது அல்ல அது. நம் வீட்டுப் பெரியவர்கள் எழுதியது.

எங்கள் அன்பியத்தில் கணவரை இழந்த ஒரு தாய் இருக்கிறார். தறி ஓட்டுகிறார். தம் சிறுமகளை எல்.கே.ஜி.யில் சேர்க்க ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்குப் போனார். எந்தப் பள்ளி என்பது இங்கே தேவையில்லை. கல்வி உரிமைச் சட்டத்தில் நூற்றுக்கு இருபத்தைந்து இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு உண்டு என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அலுவலகத்தில் மரியாதையாகவே, “சிறுபான்மைப் பள்ளிக்கு அந்தச் சட்டம் பொருந்தாதுங்க அம்மா” என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னது சட்டப்படி சரி. அரசமைப்புச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு நமக்குத் தந்திருக்கும் உரிமையைக் கொண்டு 2014-இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்புக் கூறியது. அந்த உரிமை நமக்குத் தேவை, அதைக் காத்துக்கொள்ளவும் வேண்டும். ஆனால் அந்தத் தாய் எங்களிடம் சொன்னது இது: “அவங்க சொன்ன சட்டம் எனக்குப் புரியலைங்க. நம்ம சாமி படம் மாட்டியிருக்குதே, நமக்கு இடம் இருக்கும்னு நெனச்சுப் போனேன்.”

பல பள்ளிகளில் அருட்சகோதரிகளும் குருக்களும் சத்தமில்லாமல் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறார்கள். அது எங்களுக்குத் தெரியும். சட்டம் கேட்காததைச் செய்கிறார்கள். அந்தத் தள்ளுபடிக்குப் பணம் வானத்திலிருந்து வருவதில்லை, கட்டுகிற பெற்றோர் கட்டும் பணத்திலிருந்துதான் வரவேண்டும். கட்டணம் ஐந்நூறு ரூபாய் கூடியதும் முதலில் குரல் எழுப்பியவர்களில் நாங்களும் உண்டு. தள்ளுபடி எத்தனை பேருக்குக் கொடுக்கிறீர்கள், இன்னும் இரண்டு பேருக்குக் கொடுக்க எவ்வளவு வேண்டும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

இன்னொரு பக்கம் பாருங்கள். சேலம் மறைமாவட்டம் 1930-இல் உருவானது. அதற்கு முன்பே விசுவாசம் வேரூன்றிய பழைய பங்குகளும் உண்டு. தெ நொபிலி அடிகளார் 1623-லேயே சேந்தமங்கலம் வழியாகச் சேலத்துக்கு வந்தவர். வேட்டி கட்டி, தமிழ் கற்று, தமிழில் எழுதி வந்தவர். பழைய பங்குகளில் கோவிலை ஒட்டி ஓர் ஓட்டுக் கட்டடம் இருக்கும். ஆர்.சி. ஸ்கூல். நாங்கள் இருவரும் அப்படிப்பட்ட பள்ளிகளில்தான் படித்தோம். அரசு உதவி பெறும் பள்ளி; ஆசிரியர் சம்பளம் அரசு தருகிறது, புத்தகம் இலவசம், மதிய உணவு உண்டு. 2024 முதல் ஊரகப் பகுதி உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவும் வந்துவிட்டது. இல்லாதது ஒன்றுதான், பிள்ளைகள். மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம். பிள்ளை குறைந்தால் ஆசிரியர் உபரி ஆவார், பிறகு வகுப்புகள் ஒன்றாகும், பிறகு ஒரு நாள் பூட்டு. இப்போது அங்கே படிப்பவர்களில் பெரும்பாலோர் அருந்ததியர் தெருப் பிள்ளைகளும், தறிக்கும் செங்கல் சூளைக்கும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும். கோவிலுக்கு வரும் நம் வீட்டுப் பிள்ளைகள் அந்த வாசலைத் தாண்டி மஞ்சள் வேனில் போகிறார்கள். பங்குத் திருவிழாவுக்கு மட்டும் அந்த வகுப்பறைகளில் பந்தி போடுகிறோம்.

இதையெல்லாம் பேசிப் பேசித்தான் எங்கள் மகளின் காரியத்தை முடிவு செய்தோம். ஐந்தாம் வகுப்பு வரை அண்ணன் படித்த பள்ளியிலேயே படித்தாள். நாளை ஆறாம் வகுப்பு. அருட்சகோதரிகள் நடத்தும் அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளியில் தமிழ் வழிப் பிரிவில் சேர்த்திருக்கிறோம். இதை எல்லோரும் செய்யவேண்டும் என்று சொல்ல வரவில்லை. எங்களுக்கே பயம் இருக்கிறது. ஆங்கிலம் பின்தங்குமோ என்ற பயம். மருத்துவப் படிப்பில் 2020 முதல் இருக்கும் ஏழரை சதவீத ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான், உதவிபெறும் பள்ளிக்கு இல்லை. இரண்டும் கெட்டான் இடத்தில் விட்டுவிட்டோமோ என்ற கணக்கும் ஓடுகிறது. உறவுக்காரர் ஒருவர் தனியாக அழைத்து, “பண்டிகை நேரத்துல சொல்லியிருந்தா நானே கட்டியிருப்பனே, என்ன கஷ்டம்?” என்று உண்மையான இரக்கத்தோடு கேட்டார். மகளும் ஒரு நாள் முழுக்க அழுதாள், கூட்டாளி வேறு பள்ளிக்குப் போகிறாள் என்று. அந்த அழுகைக்கு எங்களிடம் பதில் இல்லை.

மகன் இப்போது ஈரோட்டில் கல்லூரியில் படிக்கிறான். நீட்டில் இடம் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வரும் ஞாயிறுகளில் சில நாள் எங்களோடு கோவிலுக்கு வருவான், பல நாள் தூங்குவான். நாங்கள் எழுப்புவதில்லை. அவன் தூக்கத்தை இரண்டு ஆண்டு பிடுங்கியவர்கள் நாங்கள். தங்கையை எங்கே சேர்ப்பது என்று நாங்கள் வாதாடிக்கொண்டிருந்த இரவு, படுத்திருந்தவன் எழுந்து வந்து, “பாப்பாவுக்காவது ஞாயித்துக்கிழமை இருக்கட்டும்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு வாதம் இல்லை.

எருசலேமுக்குத் திரும்பி ஓடிய மரியாவும் யோசேப்பும் மூன்றாம் நாள்தான் பிள்ளையைக் கண்டார்கள். கண்டபிறகும் அவன் சொன்னது அவர்களுக்கு விளங்கவில்லை என்று லூக்கா ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அது எங்களுக்குப் பெரிய ஆறுதல். விளங்காமலே அவனைக் கூட்டிக்கொண்டு நாசரேத்துக்குப் போனார்கள். மற்ற வளர்ச்சியெல்லாம் அந்தத் தச்சுப் பட்டறை வீட்டில்தான் நடந்தது, பதினெட்டு ஆண்டு போல.

பங்கில் வருகிற ஞாயிறு மறைக்கல்வி தொடங்குகிறது. எங்கள் பங்கில் ஒன்பதாம் வகுப்பு வரை பெஞ்சு நிறைந்திருக்கும். பத்தாம் வகுப்பில் போன ஆண்டு மூன்று பேர். மற்றவர்களுக்கு அந்த நேரத்தில் சிறப்பு வகுப்பு. அதை நடத்தும் பள்ளிகளில் நம் பள்ளிகளும் உண்டு. பெற்றோர் பத்துப் பேர் சேர்ந்து போய் ஞாயிறு காலை மட்டும் வேண்டாம் என்று கேட்டால் எந்த அருட்சகோதரியும் மறுப்பார் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம். இன்னும் எட்டுப் பேர் வேண்டும். திருப்பலி முடிந்ததும் கெபி பக்கத்தில் நிற்போம். தறி ஓட்டும் அந்தத் தாயின் மகளுக்கு இடம் கேட்கவும் அதே கூட்டமாகப் போகலாம் என்று நினைக்கிறோம். கட்டணத்தில் எங்கள் பங்கு எவ்வளவு என்பதைச் சொல்லிவிட்டே கேட்போம்.

இன்று இரவு மகன் வருகிறான். வாசகத்தை அவன் வாசிப்பானா என்று தெரியாது, கேட்டுப் பார்ப்போம். நாளை காலை தங்கையைப் பள்ளியில் விட அவனே வண்டி எடுக்கிறானாம்.

செபிப்போம். ஆண்டவரே, நாளை காலை புதுச் சட்டை போட்டு அழும் பிள்ளைகளையும், அழாமல் போகும் பிள்ளைகளையும், விடுதிக் கதவுக்குள் பெட்டியோடு நுழையும் பிள்ளைகளையும் உம் கையில் தருகிறோம். பள்ளியில் இடம் கிடைக்காத பிள்ளையையும் தருகிறோம். மூன்று நாள் தேடிய உம் தாயும் யோசேப்பும் எங்களோடு தேடட்டும். ஆமென்.